மோஸ்தாரின் குரோட் நாளேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போஸ்னியா பற்றி எழுதும்போது மோஸ்தார் நகரத்து நாளேடான ‘ட்னெவ்னி லிஸ்ட்’டின் பெயர் இடையில் வந்துவிட்டால் போதும், உடனே கேள்விகள் கிளம்பிவிடும். பாதி பத்திரிகையைப் பற்றி, மீதி அந்த நாட்டைப் பற்றி. ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்லவும் முடியாது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன்.

இது குரோஷியா பத்திரிகைதானே? அப்புறம் ஏன் போஸ்னியான்னு எழுதுறீங்க?

குரோட் மக்களின் பத்திரிகை, ஆனால் குரோஷியாவின் பத்திரிகை அல்ல. போஸ்னியா ஹெர்செகோவினா நாட்டின் தெற்கே, நெரெத்வா ஆற்றங்கரையில் இருக்கும் மோஸ்தாரில் 2001-இல் தொடங்கப்பட்ட குரோஷிய மொழி நாளேடு இது. குரோட் என்பது இனத்தின் பெயர், குரோஷியா என்பது நாட்டின் பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம் குரோஷியா, இந்தப் பக்கம் போஸ்னியா, இரண்டு பக்கமும் குரோட்டுகள். மோஸ்தாரிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் எல்லையைத் தொட்டுவிடலாம். அதனால்தான் குழப்பம் இவ்வளவு லேசாக வந்துவிடுகிறது.

பேருக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?

‘ட்னெவ்னி’ என்றால் அன்றாடம். ‘லிஸ்ட்’ என்றால் இலை. தாளுக்கும், தாளில் அச்சாகும் பத்திரிகைக்கும் அதே சொல்தான். ஆக, நம் ‘நாளேடு’ என்ற சொல்லை அப்படியே எடுத்து வைத்தமாதிரி இருக்கிறது. ஓலை ஏட்டிலிருந்து நமக்கு வந்ததுபோல் அவர்களுக்கு மர இலையிலிருந்து வந்திருக்கிறது. இந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான்.

அந்த நாட்டுல குரோட்டுகள் எத்தனை பேர்? சிறுபான்மைன்னு சொல்லலாமா?

2013-இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5,44,780 பேர். நாட்டின் மொத்த மக்கள்தொகை 35,31,159. சதவீதத்தில் 15-க்குக் கொஞ்சம் மேல். ஆனால் ‘சிறுபான்மை’ என்று எழுதினால் அங்கே யாராவது உடனே திருத்துவார்கள். 1992-95 போரை முடித்துவைத்த டேட்டன் ஒப்பந்தத்தின் பகுதியாக வந்த அரசியல் சட்டம், போஸ்னியாக்குகள் (பெரும்பாலும் முஸ்லிம்கள்), செர்பியர்கள், குரோட்டுகள் ஆகிய மூவரையும் நாட்டை அமைக்கும் மக்களாகச் சொல்கிறது. எண்ணிக்கையில் குறைவு, சட்டத்தில் சமம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அந்த நாளேட்டின் அரசியல் பக்கம் முழுக்க ஓடுகிறது.

அவர்கள் ஒரே இடத்திலும் இல்லை. மேற்கு ஹெர்செகோவினாவில் ஷிரோகி பிரியெக், பொசுஷியே போன்ற ஊர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே குரோட்டுகள். மோஸ்தாரில் போஸ்னியாக்குகளோடு சேர்ந்து வாழ்கிறார்கள். நடு போஸ்னியாவில் கிசெல்யாக், வடக்கே சாவா ஆற்றங்கரையில் ஒராஷியே என்று தீவுத் தீவாகவும் இருக்கிறார்கள்.

குரோஷியம், போஸ்னியம், செர்பியம் மூணு மொழியும் ஒண்ணுதானே, ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்குப் புரியுதே. தனிப் பேப்பர் எதுக்கு?

புரியும், சந்தேகமே இல்லை. அந்த நாட்டு சிகரெட் பெட்டியைப் பாருங்கள். புகைபிடித்தல் உயிரைக் கொல்லும் என்ற எச்சரிக்கை குரோஷியத்தில் ஒரு தடவை, போஸ்னியத்தில் ஒரு தடவை, செர்பியத்தில் ஒரு தடவை என மூன்று முறை இருக்கும். முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவதும் அதே சொற்கள்தான், எழுத்து மட்டும் சிரிலிக். அந்த ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் சொற்கள் எங்கே பிரிகின்றன என்று பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் குறையும். அவை பிரிவது பெரும்பாலும் அன்றாடச் சொற்களில்: ரொட்டி, காபி, குடும்பம், ஆயிரம், மாதப் பெயர். குரோட் நாளேட்டில் அக்டோபர் மாதம் ‘லிஸ்டோபாட்’, அதாவது இலையுதிர் மாதம். பத்திரிகைப் பெயரில் உள்ள அதே லிஸ்ட், அதே இலை. ஜூலை ‘ஸ்ர்பான்’, அரிவாள் மாதம், கதிர் அறுக்கும் காலம். தலைநகர் சரயேவோவில் அல்லது செர்பியர் பகுதியின் பான்யா லூக்காவில் அச்சாகும் பேப்பர்கள் இதே மாதங்களை ‘ஒக்டோபார்’, ‘யூலி’ (அல்லது ‘யூல்’) என்றுதான் போடும். முதல் பக்கத்து மேல் மூலையில் தேதியைப் பார்த்ததுமே இது யார் வீட்டுப் பேப்பர் என்று தெரிந்துவிடும், தலைப்புச் செய்தி வரை போகவே வேண்டாம்.

சரி, குரோஷியாவிலிருந்தே பெரிய பெரிய பேப்பர் வருமே. அதை வாங்கிப் படிச்சா போதாதா?

வருகிறது, வாங்கியும் படிக்கிறார்கள். குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பின் ‘வெச்செர்னி லிஸ்ட்’ போஸ்னியாவுக்கென்றே தனிப் பதிப்பு போடுகிறது. 1943-இல் மொசோர் மலையில் பார்ட்டிசான் போராளிகள் அச்சிட்டுத் தொடங்கிய ‘ஸ்லோபோட்னா டல்மாட்சியா’ குரோஷியாவின் ஸ்பிளிட் நகரத்திலிருந்து வருகிறது. ஹெர்செகோவினாக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்ப் பேப்பர் மாதிரி.

ஆனால் ஒரு பேப்பரின் ஊர் எது என்று தெரிய அதன் விலாசத்தைப் பார்த்துப் பயனில்லை, அது எதை ‘இங்கே’ என்று சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஸாக்ரெப் பேப்பருக்கு மோஸ்தார் என்பது ‘அங்கே’. பெரிய கலவரம் நடந்தால் முதல் பக்கம், குடிநீர்க் குழாய் உடைந்தால் ஒன்றுமில்லை. மோஸ்தார் பேப்பருக்கோ குழாய்தான் செய்தி. ஸாக்ரெப்பில் மந்திரி மாறினால், அதனால் இங்கே எல்லைச் சாவடியில் என்ன மாறும், இங்கே வாழும் குரோஷியக் குடியுரிமைக்காரரின் ஓய்வூதியம் என்ன ஆகும் என்ற கோணத்தில்தான் எழுத வேண்டும். சரயேவோ பேப்பர்களான ‘ஒஸ்லோபொஜெனியே’, ‘ட்னெவ்னி அவாஸ்’ இரண்டுக்கும் இதே சங்கடம் மறுபக்கத்திலிருந்து. நாடு ஒன்றுதான், ஆனால் வாசகருக்கு மாதத்தின் பெயரே வேறு.

மோஸ்தார்ல இதுதான் முதல் குரோட் பத்திரிகையா?

கிட்டவே வராது. மோஸ்தாரில் அச்சகம் வைத்தது கத்தோலிக்கத் திருச்சபை, 1870-களின் தொடக்கத்தில், இன்னும் ஒட்டோமன் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது. ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி வந்த பிறகு 1883-இல் ஃபிரானியோ மிலிச்செவிச் என்ற பாதிரியார் ‘ஹெர்செகோவாச்கி போசிலியாக்’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார். ‘போசிலியாக்’ என்றால் திருநீற்றுப்பச்சை. ஹெர்செகோவினாவின் திருநீற்றுப்பச்சை! பத்திரிகைக்கு இப்படி வாசமாய்ப் பெயர் வைக்க இப்போது எந்த விளம்பரப் பிரிவும் சம்மதிக்காது. பெயர் மாறி மாறி அது ‘ஹெர்செகோவினாக்காரரின் குரல்’ ஆனது. அதற்குப் பின் 1898-இல் ‘ஒஸ்வித்’ வந்தது, விடியல் என்று பொருள்.

ஒரு நாள் இதழ்ல அப்படி என்னதான் இருக்கும்?

வட்டார நாளேடு எங்கேயும் வட்டார நாளேடுதான்: நகராட்சி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விபத்து, திருவிழா, பந்தாட்டம். ஆனால் மோஸ்தாரில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக இருக்கும். பல்கலைக்கழகம் இரண்டு. பெரிய பந்தாட்ட அணி இரண்டு. ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் குரோட் பாடத்திட்டத்தில் ஒரு பிள்ளை, போஸ்னியாக் பாடத்திட்டத்தில் இன்னொரு பிள்ளை. இதற்கு ‘ஒரே கூரையடியில் இரண்டு பள்ளி’ என்றே அங்கே பெயர். நிருபர் தினமும் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: மற்றதைப் பற்றி எவ்வளவு எழுதுவது?

திருச்சபைச் செய்திக்கு எப்போதும் இடம் உண்டு. 1981 ஜூனில் ஆறு பிள்ளைகள் அன்னை மரியாவைக் கண்டதாகச் சொன்ன மெஜுகோரியே கிராமம் மோஸ்தாருக்குப் பக்கத்தில்தான். அன்று புகையிலையும் திராட்சையும் விளைந்த கிராமம், இன்று உலகம் முழுவதிலுமிருந்து யாத்ரீகர்கள் வரும் ஊர். பக்திச் செய்தியும் ஓட்டல் வியாபாரச் செய்தியும் அங்கே ஒரே செய்தி. தொழில் பக்கத்தைப் பல வருடம் ஆக்கிரமித்த பெயர் ‘அலுமினி’, மோஸ்தாரின் அலுமினிய உருக்காலை. மின்கட்டணக் கடன் ஏறி ஏறி 2019 ஜூலையில் உலை அணைந்தது. ஸாக்ரெப்பில் அது ஒருநாள் செய்தியாகப் போயிருக்கலாம், மோஸ்தாரில் அது வீட்டுக்கு வீடு நடந்த விஷயம்.

மரண அறிவித்தல்தான் அந்தப் பக்கத்துப் பேப்பர்களோட உயிர்னு சொல்றாங்களே, அது என்ன?

‘ஒஸ்மர்த்னிட்சா’ என்று பெயர். அந்த வட்டாரம் முழுக்கவே இந்த வழக்கம் உண்டு. இறந்தவர் படம், வயது, அடக்கம் எந்தக் கல்லறையில் எத்தனை மணிக்கு, கீழே துக்கத்தில் இருக்கும் சொந்தங்களின் பட்டியல். ஊர்ச் சுவரிலும் மின்கம்பத்திலும் தாளாக ஒட்டுவார்கள். கத்தோலிக்கருக்குக் கறுப்புக் கரை, மேலே சிலுவை. முஸ்லிம்களுக்குப் பச்சைக் கரை. தூரத்திலிருந்தே யார் வீட்டுத் துக்கம் என்று தெரியும்.

பேப்பரில் வரும்போது கரை மட்டுமா, சொல்லும் பிரியும். மேலே மொழி பற்றிச் சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கலாம். குடும்பத்துக்கு குரோட் வழக்கு ‘ஒபிதெல்’, மற்ற இரு வழக்கிலும் ‘பொரொடிட்சா’. இறுதிச் சடங்கு குரோட்டுக்கு ‘ஸ்புரொவோட்’, போஸ்னியாக்குக்கு ‘ஜெனாஸா’, செர்பியருக்கு ‘சாஹ்ரானா’. அனுதாபத்துக்கு ‘சூசூத்’ என்று போட்டிருந்தால் அது குரோட் பேப்பர். தலையங்கத்தில் இனப் பெருமை எழுதுவதைவிட இந்தப் பக்கத்தில் சொல் சரியாக விழுவதுதான் வாசகருக்கு முக்கியம் என்பது என் கணிப்பு. அப்பாவின் சாவுச் செய்தியில் குடும்பம் என்ற சொல்லை மாற்றிப் போட்டால் எந்தப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்?

வருமானமும் இதில்தான் வருகிறது. முதலாண்டு நினைவு, பத்தாண்டு நினைவு என்று அதே குடும்பம் திரும்பத் திரும்ப விளம்பரம் கொடுக்கும்.

விளையாட்டுப் பக்கத்துலயும் இந்த இனப் பிரச்சினை உண்டா?

அதிகமாகவே. மோஸ்தாரில் குரோட்டுகளின் அணி ‘ஸ்ரின்ஸ்கி’, 1905-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945-இல் தடைசெய்யப்பட்டு, 1992-இல் மீண்டும் உயிர்பெற்றது. எதிரணி ‘வெலெஷ்’, 1922-இல் பிறந்தது, யூகோஸ்லாவியா காலத்தில் நகரம் முழுக்கவும் கொண்டாடிய அணி. இரண்டும் மோதும் நாளில் எந்தப் பேப்பரைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆட்டத்தின் கதையே வேறாக இருக்கும்.

2023 செப்டம்பர் 21 அன்று ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீகில் நெதர்லாந்தின் ஏ.இசட். அணியிடம் ஸ்ரின்ஸ்கி 0-3 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று ஜெயித்தது. ஐரோப்பியப் போட்டியின் குழுச் சுற்றுக்குப் போன முதல் போஸ்னிய அணியும் அதுதான். வட்டார விளையாட்டு நிருபருக்கு வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கும் ராத்திரி அது.

அரசியல் பக்கத்துல எப்பப் பாரு ‘நியாயமான பிரதிநிதி’ன்னு ஒரே புலம்பலா இருக்கே, என்ன கதை?

நாட்டுக்கு ஜனாதிபதி ஒருவர் அல்ல, மூன்று பேர் கொண்ட குழு. போஸ்னியாக் ஒருவர், குரோட் ஒருவர், செர்பியர் ஒருவர். முதல் இருவரையும் தேர்ந்தெடுப்பது ‘ஃபெடரேஷன்’ என்ற பாதி நாட்டின் வாக்காளர்கள். எந்த வாக்காளரும் போஸ்னியாக் வேட்பாளருக்கோ குரோட் வேட்பாளருக்கோ, இரண்டில் ஒருவருக்குப் போடலாம். 2013 கணக்கின்படி அந்தப் பகுதியில் போஸ்னியாக்குகள் சுமார் 70 சதவீதம், குரோட்டுகள் சுமார் 22. ஆக, குரோட் இடத்துக்கு யார் வருவது என்பதை போஸ்னியாக் வாக்குகள் தீர்மானிக்க முடியும்.

ஷெல்யோ கொம்ஷிச் 2006, 2010, 2018, 2022 என நான்கு முறை அந்த இடத்தில் ஜெயித்தார். அவரும் குரோட்தான். ஆனால் எங்கள் ஓட்டில் ஜெயிக்கவில்லை, எங்கள் பிரதிநிதி ஆகமாட்டார் என்பது பெரிய குரோட் கட்சியான எச்.டி.இசட்.டின் வாதம், வாசகர்களில் நிறையப் பேரின் மனக்குறையும்கூட. மறுதரப்பு கேட்பது வேறு: குடிமகனுக்கு ஓட்டா, இனத்துக்கு ஓட்டா? மூன்று இனத்திலும் சேராத யூதரும் ரோமா (ஜிப்சி) இனத்தவரும் இந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது என்பது பாகுபாடு என 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோட் பேப்பரை மட்டும் படித்தால் முதல் குறை கொட்டை எழுத்தில் தெரியும், இரண்டாவதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். சரயேவோ பேப்பரைப் படித்தால் நேர்மாறு.

அப்போ இது கட்சிப் பத்திரிகையா?

கட்சி உறுப்பினர் ஏடு என்ற பொருளில் அல்ல. ஆனால் சின்ன வாசகர் வட்டத்தில் விளம்பரம் தரக்கூடியவர்கள் யார்? பொதுத்துறை நிறுவனம், மாவட்ட அரசு, நகராட்சி. இவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை எதிர்த்து எழுத எந்த வட்டார நாளேட்டுக்கும் கை நடுங்கும். இது மோஸ்தாருக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

மோஸ்தார்ல 12 வருஷம் தேர்தலே நடக்கலையாமே, உண்மையா?

உண்மை. 2008-க்குப் பிறகு நகரமன்றத் தேர்தல் 2020 டிசம்பர் 20 அன்றுதான் நடந்தது. தேர்தல் விதிகளில் சிலவற்றை அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்றது, புது விதியில் இரண்டு பக்கத்துப் பெரிய கட்சிகளும் ஒத்துப்போகவில்லை, அப்படியே கிடந்தது. உள்ளூர்ப் பெண் அரசியல்வாதி இர்மா பராலியா ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2019-இல் ஜெயித்த பிறகுதான் அசைந்தது. நகராட்சிச் செய்திதான் வட்டார நாளேட்டின் சோறு என்று மேலே சொன்னேன் அல்லவா, தேர்தலே நடக்காத நகரத்தில் பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கத்தை நிரப்பிய உதவி ஆசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

போரைப் பத்தி அந்தப் பேப்பர் எழுதுறதை நம்பலாமா?

1992-95 போரில் மோஸ்தாரில் முதலில் குரோட்டுகளும் போஸ்னியாக்குகளும் சேர்ந்து செர்பியப் படையை எதிர்த்தார்கள், பிறகு 1993-இல் தங்களுக்குள்ளேயே மோதினார்கள். 1566-இல் கட்டிய பழைய பாலம் 1993 நவம்பர் 9 அன்று குரோட் படையின் பீரங்கியில் நெரெத்வாவில் விழுந்தது. மறுபடி கட்டி 2004-இல் திறந்தார்கள். குரோட் தலைவர்கள் ஆறு பேரை ஹேக் நகரிலிருந்த ஐ.நா. போர்க்குற்ற நீதிமன்றம் போர்க் குற்றவாளிகள் என்று 2017 நவம்பர் 29 அன்று உறுதிசெய்தது. தீர்ப்பை வாசிக்கும்போதே அவர்களில் ஒருவரான ஸ்லோபோடான் பிரல்யாக் நீதிமன்றத்திலேயே விஷம் குடித்து இறந்தார்.

எந்தப் பக்கத்துப் பேப்பரானாலும் தேதியையும் எண்ணையும் பெரும்பாலும் சரியாகத்தான் போடும். பார்க்க வேண்டியது, எந்த ஊரின் நினைவுநாளுக்கு முழுப் பக்கம், எதற்கு நாலு வரி என்பதை. செத்தவர் பெயர் எந்தச் செய்தியில் வருகிறது, எந்தச் செய்தியில் வெறும் எண்ணாக வருகிறது என்பதையும். நான் இரண்டு பேப்பரை அருகருகே வைத்துத்தான் படிக்கிறேன். வேறு குறுக்கு வழி கிடையாது.

தப்பா எழுதிட்டா யார்கிட்ட போய்க் கேட்கிறது?

2000-இல் அமைந்த பத்திரிகை மன்றம் இருக்கிறது. மறுப்பு வெளியிடச் சொல்லும், அபராதம் போட அதிகாரமில்லை. அவதூறு என்றால் சிவில் வழக்கு. ஃபெடரேஷன் பகுதியில் அவதூறு குற்ற வழக்கு அல்ல. செர்பியர் பகுதியான ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா 2023-இல் அதை மறுபடி குற்றமாக்கிவிட்டது.

வேற நாடுகள்ல இருக்கிற குரோட்டுகளுக்கும் இப்படி நாளேடு உண்டா?

வார இதழ் உண்டு. செர்பியாவின் சுபோட்டிட்சாவில் ‘ஹர்வாட்ஸ்கா ரியெச்’ (குரோட் சொல்) வருகிறது. 2022 கணக்கில் செர்பியாவில் குரோட்டுகள் 39,107 பேர். ஆஸ்திரியாவின் பர்கன்லாண்டில் பதினாறாம் நூற்றாண்டிலேயே குடியேறியவர்களுக்கு ‘ஹர்வாட்ஸ்கே நோவினே’. தினமும் பக்கம் நிரப்ப வேண்டுமென்றால் தினமும் திருட்டு, திருமணம், தேர்தல், சாவு எல்லாம் நடக்கிற அளவுக்கு ஆள் வேண்டும். நாற்பதாயிரம் பேருக்கு வாரம் ஒருமுறைதான் தாங்கும்.

வாசகர்களே ஊரைக் காலி பண்ணிட்டுப் போறாங்களே, பேப்பர் நிக்குமா?

போஸ்னியக் குரோட்டுகளில் மிகப் பலர் குரோஷியக் குடியுரிமையும் வைத்திருக்கிறார்கள். 2013 ஜூலை 1 அன்று குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அந்தக் கடவுச்சீட்டு ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் கதவைத் திறந்துவிட்டது. அண்டை வீட்டு போஸ்னியாக் வேலை விசாவுக்கு நின்றபோது இவர்கள் பஸ் ஏறினார்கள். எனவே முதல் கேள்வியில் சொன்ன ‘குரோட், ஆனால் குரோஷியா அல்ல’ என்ற நிலைதான் பேப்பர் பிறக்கவும் காரணம், வாசகர் கரையவும் காரணம். போனவர்கள் ஊர்ச் செய்தியை மொபைலில் படிக்கிறார்கள். ஆனால் மொபைலில் படிப்பவர் கடையில் காசு கொடுத்து வாங்கிய பேப்பருக்கு ஈடாகமாட்டார்.

எனக்கு அந்த மொழி தெரியாது. மொபைல்ல மொழிபெயர்த்துப் படிக்கலாமா?

படிக்கலாம், ஒரே ஒரு எச்சரிக்கை. சுருக்கெழுத்துகளில் ஏமாறாதீர்கள். மோஸ்தார் அடங்கிய மாவட்டத்தை போஸ்னியாக் பேப்பர் ‘கான்டோன்’ என்று சொல்லி ‘எச்.என்.கே.’ என்று சுருக்கும். குரோட் பேப்பர் அதே மாவட்டத்தை ‘ஷுபானியா’ என்று சொல்லி வேறு எழுத்தில் முடிக்கும். குரோட் பேப்பரில் ‘எச்.என்.கே.’ என்று வந்தால் அது பெரும்பாலும் குரோட் தேசிய நாடக அரங்கு, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பந்தாட்ட அணி. ‘எச்.என்.கே.யில் நேற்று நாடகம்’ என்ற செய்தியை மாவட்ட ஆட்சியில் ஏதோ குழப்பம் என்று நினைத்து நானே ஒருமுறை பாதி எழுதிவிட்டேன்.